ஒழுகாத வீடு

குருசாமி என்று பெயர் வைத்துக்கொண்டு ஒருவர் ஐம்பத்துநான்கு வயதில் சீடரானார். பெயரைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். இந்தக் கதையில் குரு வேறொருவர்.

குருசாமி ஒரு கடலோரத் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியர். பள்ளிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல்மேடும் நாலைந்து பூவரச மரங்களும்தான். காற்று அடித்தால் கரும்பலகையில் எழுதிய எழுத்தின் மேலேயே உப்பு படியும்.

யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் பள்ளிக்கு ஐந்து கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார், போய்விட்டார். மவுஸை எந்தப் பக்கமாகப் பிடிப்பது என்று சொல்லித்தர ஆள் இல்லை. பிறகு செவ்வாய்க்கிழமைதோறும் ஷமீமா என்ற ஆசிரியை பஸ்ஸில் வரத் தொடங்கினார். முப்பது வயதைத் தொடாதவர். ஊர் ஊராகப் போய் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரில் படம் வரையச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. அதிகம் பேசமாட்டார். கேட்டால் பதில் சொல்வார். சில நேரம் அதுவும் கிடையாது.

குருசாமி முதலில் பின்னால் நின்று பார்த்தார். பிள்ளைகளை மேற்பார்வை செய்வதுபோல் பாவனை. எத்தனை நாளைக்குப் பாவனை செய்வது? ஒரு செவ்வாய்க்கிழமை கூச்சத்தை விட்டுக் கேட்டேவிட்டார்.

"டீச்சர், எனக்கும் கத்துக் குடுப்பீங்களா?"

"உக்காருங்க சார்."

பெஞ்சு சின்னப் பிள்ளைகளுடையது. முழங்கால் இடித்தது. பக்கத்தில் இருந்த பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. அவர் சாண் ஏறினால் மவுஸ் முழம் சறுக்கியது. ஆனாலும் விடவில்லை.

வட்டம் போடக் கற்றார். சதுரம் போடக் கற்றார். வண்ணம் நிரப்பும் வாளிப் படத்தை அமுக்கி, வட்டத்துக்குள் ஒரு தட்டு தட்டினார். சிவப்பு வட்டத்துக்குள் நிற்கவில்லை. திரை முழுவதும் பரவிவிட்டது.

"என்ன டீச்சர் இது?"

"ஒழுகுது சார்."

அது பிள்ளைகள் வைத்த சொல். மழைக்கு ஒழுகும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு வேறு எந்தச் சொல் தோன்றும்? நிறம் கோட்டைத் தாண்டிப் போனால், "டீச்சர், ஒழுகுது" என்பார்கள்.

"ஏன் ஒழுகுது?"

"கோட்டுல எங்கயோ ஓட்டை இருக்கு. தேடிப் பாருங்க."

தேடினார். படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினார். வட்டத்தின் தோள்பட்டையில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது.

"ஒரு புள்ளிதான் டீச்சர்."

"ஒரு புள்ளி போதும் சார்."

குருசாமிக்கு அந்தப் பாடம் மிகவும் பிடித்துப்போனது. வாழ்நாள் முழுவதும் பிழை திருத்தியவர் அல்லவா. அன்றிலிருந்து ஓட்டை பிடிப்பதில் மன்னனாகிவிட்டார். ஷமீமா வராத நாட்களிலும் பிள்ளைகளை உட்காரவைத்து, ஒவ்வொரு திரையாகக் குனிந்து பார்ப்பார்.

"வரைஞ்சா மூடணும். மூடாத கோடு கோடே இல்ல."

அவருக்கு இன்னொரு மந்திரமும் இருந்தது. "கதவச் சாத்து." முன்பு அந்தப் பள்ளிக்கு ஒரு டிவி வந்தது. உப்புக் காற்று அதைத் தின்று, பின்பக்கத்தில் எலி குட்டி போட்டது. அந்தக் கதி கம்ப்யூட்டருக்கு வரக்கூடாது என்று அறையின் ஜன்னல்களை ஆணி வைத்து அடித்துவிட்டார். கதவு எப்போதும் சாத்தியே இருக்க வேண்டும். உள்ளே வரும் பிள்ளை சாத்த வேண்டும், வெளியே போகும் பிள்ளையும் சாத்த வேண்டும். அதற்காக அவர் பிள்ளைகளைக் கோபித்துக்கொண்டது உண்டு. வேறு எதற்கும் கோபிக்காத மனிதர்.

ஐப்பசியில் பள்ளியைப் பார்க்க மேலிடத்திலிருந்து ஆட்கள் வருவதாகச் செய்தி வந்தது. பிள்ளைகள் கம்ப்யூட்டரில் வரைந்த படங்களைப் பிரிண்ட் எடுத்துக் கம்ப்யூட்டர் அறைச் சுவரில் ஒட்டலாம் என்று குருசாமி முடிவு செய்தார். தலைப்பு, என் வீடு.

எல்லாப் பிள்ளைகளும் வீடு வரைந்தார்கள். ஓட்டு வீடு, ஓலை வீடு, ஒருத்தன் மாடி வீடே கட்டினான். அவன் நிஜ வீட்டுக்குக் கூரையே தார்ப்பாய்தான். யார் கேட்கப்போகிறார்கள்?

இரண்டாம் வகுப்பில் நம்புச்செல்வி என்று ஒரு பிள்ளை. அந்தக் கரையில் நம்பு என்பது அம்மன் பெயர், வீட்டுக்கு ஒரு நம்பு இருக்கும். இவளையும் நம்பு என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் ஒரு வீடு வரைந்தாள். இரண்டு சுவர், ஒரு கூரை. தரைக்கோடு பாதி வந்து நின்றுவிட்டது. இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி. அதன் பிறகு மறுபடி கோடு. படத்தின் மூலையில் ஒரு சின்ன வள்ளம், அதில் ஒரு குச்சி மனிதன். மீன்பிடிக் கரையில் வள்ளம் வரையாத பிள்ளை கிடையாது. குருசாமி அதைப் பார்த்தும் பார்க்கவில்லை.

நம்பு வாளியை எடுத்து நீலத்தை வீட்டுக்குள் கொட்டினாள். நீலம் இடைவெளி வழியாக வெளியே ஓடி, வானம், மணல், வள்ளத்தைச் சுற்றிலும் என்று எங்கும் நிறைந்தது.

"ஒழுகுது பாரு நம்பு."

"ஆமா சார்."

"கீழ கோட்ட மூடு."

"இருக்கட்டும் சார்."

அவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். இரண்டு தடவையும் அதே பதில். பிள்ளைக்குக் கை வரவில்லை, சொல்ல வெட்கப்படுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஷமீமா வந்தார். ஒவ்வொரு திரையாகப் பார்த்துக்கொண்டே போனவர் நம்புவின் படத்துக்கு முன் கொஞ்சம் நின்றார். ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார்.

குருசாமிக்குப் பொறுக்கவில்லை. "டீச்சர், அந்தப் படம் ஒழுகுதே. நீங்க ஒண்ணும் சொல்லலையே?"

"அவ ஒண்ணும் கேக்கலையே சார்."

இதென்ன பதில் என்று அவருக்குத் தோன்றியது. கேட்டால்தான் சொல்வதென்றால் பள்ளிக்கூடம் எதற்கு?

அடுத்த வாரம் மழையில் பஸ் ஓடவில்லை. ஷமீமா வரவில்லை. மறுநாள் மேலிடத்து ஆட்கள் வருகிறார்கள். குருசாமி மாலையில் தனியாக உட்கார்ந்து படங்களைப் பிரிண்ட் எடுத்தார். நம்புவின் படம் வந்தது. தாள் முழுக்க நீலம். இதை ஒட்டினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பாவம், அப்பா இல்லாத பிள்ளை. அவள் படம் மட்டும் அசிங்கமாகத் தொங்க வேண்டுமா?

அவர் நல்ல மனதோடுதான் செய்தார். இதைச் சொல்லியாக வேண்டும். பிள்ளையார் பிடிக்கத்தான் உட்கார்ந்தார்.

தரைக்கோட்டை இழுத்து மூடினார். வீட்டுக்குள் மஞ்சள் ஊற்றினார். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. முன்சுவரில் ஒரு கதவும் வரைந்து, அதற்குத் தாழ்ப்பாளாக ஒரு கறுப்புப் புள்ளியும் வைத்தார். சேவ் செய்து மூடினார். பிரிண்ட் எடுத்து, கீழே அவள் பெயரை எழுதி, சுவரின் நடுவில் ஒட்டினார்.

மறுநாள் காலையில் நம்பு அந்தப் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"நல்லாருக்கா தாயி?" என்றார் குருசாமி.

"யாரு சார் மூடுனது?"

"நான்தான். இனி ஒழுகாது."

அவள் அவரை அண்ணாந்து பார்த்தாள். ஏதோ கணக்குக்கு விடை கேட்டு, விடை கிடைத்த முகம் அது.

"சரி சார்," என்றாள்.

மேலிடத்து ஆட்கள் வந்தார்கள். சுவரைப் பார்த்தார்கள், பாராட்டினார்கள், இளநீர் குடித்தார்கள், போனார்கள்.

அதற்கடுத்த கம்ப்யூட்டர் வகுப்புக்கு நம்பு வரவில்லை. வெளியே பூவரச மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். குருசாமி போய்க் கூப்பிட்டார்.

"ஏன் நம்பு, உள்ள வரலையா?"

"வேணாம் சார்."

"ஏன்?"

"வேணாம்."

கோபம் இல்லை, அழுகை இல்லை. மற்ற வகுப்பில் ஒழுங்காக உட்கார்கிறாள், பாடம் எழுதுகிறாள், மதியம் சாப்பிடுகிறாள். கம்ப்யூட்டர் வகுப்பு வந்தால் மட்டும் மரத்தடிக்குப் போய்விடுகிறாள். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் அவள் இருக்கிறாள் என்ற நினைப்பு குருசாமிக்கு முள்ளாகக் குத்தியது.

ஒருநாள் பள்ளி விடும் நேரத்தில் நம்புவின் அம்மா பூமயில் வந்தாள். கருவாட்டுக் கூடையை வெளியே வைத்துவிட்டு வாசலில் நின்றாள்.

"சார், ஒரு வார்த்த கேக்கணும்."

"சொல்லும்மா."

"எம்மககிட்ட நீங்க என்ன சொன்னீக?"

"என்ன சொன்னேன்? ஒண்ணும் சொல்லலையே."

"வீட்டுக்கு வந்து பாருங்க சார்."

அவள் முன்னால் நடந்தாள். குருசாமி பின்னால் நடந்தார். வானம் மூடிக்கொண்டு தூறல் போட்டது. போகும் வழியில் அவள் சொல்லிக்கொண்டே போனாள். அவருக்குப் பாதி தெரிந்த கதைதான். போன வருசம் கார்த்திகைப் புயலில் கடலுக்குப் போன வள்ளம் திரும்பவில்லை. நாலு பேரில் மூன்று பேரின் உடலைக் கடல் திருப்பிக் கொடுத்தது. நம்புவின் அப்பாவை மட்டும் கொடுக்கவில்லை. துக்கம் கேட்கக் குருசாமியும் போயிருந்தார். மிச்சப் பாதி அவருக்குத் தெரியாது.

"தொழிலுக்குப் போனவுக கரை சேருமுன்ன வீட்டக் கூட்டக் கூடாது, கதவச் சாத்தக் கூடாது. எங்க பக்கத்துல அப்படித்தான் சார்."

"தெரியும்மா. எங்க ஊருலயும் உண்டு."

"அவுக போன அன்னைக்குத் தொறந்த கதவு. நாங்க சாத்தவே இல்ல."

குருசாமி நடையை நிறுத்தினார். "ஒரு வருசமாவா?"

"ஆமா சார். எங்கண்ணன் வந்து சத்தம் போட்டாரு. ஊருப் பெரியவுக சொன்னாக. காரியத்தச் செஞ்சிட்டுக் கதவச் சாத்துங்கன்னு. நாங் கேக்கல."

"மழை உள்ள வராதா?"

"வரும் சார்."

"நாய், பாம்பு ஏதும்..."

"அதும் வரும்."

வீடு வந்தது. ஓலைக் கூரை, மண் சுவர். கதவு தகரக் கதவு. அதைக் காற்று சாத்திவிடாமல் இருக்க முட்டுக்கொடுத்த கல் தரையில் ஒரு குழி பறித்திருந்தது. இப்போது கல் குழியில் இல்லை, ஓரமாகக் கிடந்தது.

விளக்கு வைக்கும் நேரம். அந்த நேரத்தில் முன்வாசல் கதவை எந்த வீட்டிலும் சாத்தமாட்டார்கள். நம்பு உள்ளிருந்து வந்தாள். வாசலில் குருசாமியைப் பார்த்தாள். வணக்கம் சொன்னாள். பிறகு கதவை இழுத்துச் சாத்தினாள். தாழ்ப்பாள் இல்லாத கதவு. உள்ளேயிருந்து வலைக்கயிறு போட்டு அதை அவள் கட்டும் சத்தம் கேட்டது.

பூமயில் கதவுக்கு வெளியே, மகள் சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாந் தொறப்பேன். அவ மறுபடி கட்டுவா. ஏன்டி கட்டுறேன்னு கேட்டேன். படத்துல வீட்ட சார் மூடிட்டாருங்கறா."

குருசாமி ஓரமாகக் கிடந்த கல்லைப் பார்த்தார்.

"அவ அப்பா வரமாட்டாருன்னு இந்த ஊருல யாரும் அவகிட்ட சொன்னதில்ல சார். எங்கண்ணன்கூட சொல்லல. எனக்கே நான் சொல்லிக்கிட்டதில்ல. நீங்க சொல்லிட்டீக."

"நான் ஒண்ணும் சொல்லலையேம்மா," என்றார் குருசாமி.

"ஆமா சார். சொல்லல."

அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். மழைத் தண்ணீரா, மற்றதா, அவர் பார்க்கவில்லை.

"ஊரு சொல்லி நாங் கேக்கல. நீங்க சொன்னா அவ கேப்பா. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க சார், கதவத் தொறக்கச் சொல்லி."

குருசாமி தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினோம் என்று அவருக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கம்ப்யூட்டரைப் போட்டு அந்தப் படத்தைத் திறந்தார். அழிப்பானை எடுத்துத் தரைக்கோட்டில் இரண்டு விரல் அகலம் அழித்தார். கதவையும் தாழ்ப்பாளையும் அழித்தார். நீலத்தை ஊற்றினார். எல்லாம் முன்போலவே ஒழுகியது. அதைப் பிரிண்ட் எடுத்து, கம்ப்யூட்டர் வகுப்பு நேரத்தில் மரத்தடிக்குக் கொண்டு போனார்.

"நம்பு, பாரு. உன் படம். தொறந்தாச்சு."

அவள் வாங்கிப் பார்த்தாள். மடியில் வைத்துக்கொண்டு விரலால் கோட்டைத் தடவினாள். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"இது நீங்க தொறந்தது சார்."

தாள் தூறலில் நனைந்து, நீலம் அவர் விரலில் ஒட்டியது.

செவ்வாய்க்கிழமை வந்தது. ஷமீமா பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது குருசாமி பள்ளி வாசலிலேயே நின்றார். பிள்ளைகள் மதியச் சோற்றுக்குப் போகும்வரை பொறுத்திருந்தார். பிறகு இருவரும் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்தார்கள். அவர் வழக்கம்போல எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, நடந்ததையெல்லாம் சொன்னார். ஷமீமா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"டீச்சர், செஞ்சத திரும்ப எடுக்க ஒரு பட்டன் இருக்குன்னு சொன்னீங்களே."

"அன்டூ."

"அது என்னன்னு காட்டுங்க."

ஷமீமா நம்புவின் படத்தைத் திறந்தார். மேலே ஒரு வளைந்த அம்புக்குறி மங்கிப்போய் இருந்தது. குருசாமி அதை அமுக்கினார். மறுபடி அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை.

"படம் திறந்திருக்கிற வரைக்கும்தான் சார் அது வேலை செய்யும். சேவ் பண்ணி மூடிட்டா, அதுக்கு ஞாபகம் இருக்காது."

"அவ வரைஞ்ச பழைய படம்?"

"அதுக்கு மேலயே சேவ் பண்ணிட்டீங்க."

குருசாமி மவுஸைத் தள்ளி வைத்தார். திரும்பி ஷமீமாவைக் கேட்டார். குரலில் ஒரு வழக்காடும் தொனி இருந்தது.

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமா, அவ வீட்டு விசயம்?"

"தெரியாது சார்."

"அப்ப ஏன் கோட்ட மூடச் சொல்லல?"

"ஒரு புள்ளின்னா கை தவறினது. ரெண்டு விரல் அகலம் கை தவறாது."

"எனக்கு அது தெரியலையே."

ஷமீமா அந்தப் படத்தை மூடினார்.

"சரி, நான் மூடினது தப்புதான். ஆனா பொய் இல்லையே டீச்சர். அவர் வரமாட்டார். உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். என்னைக்காவது அந்தப் பிள்ளைக்கும் தெரிஞ்சுதானே ஆகணும்? இப்ப திறக்கச் சொல்லி நான் சொன்னா, அதுதான பொய்?"

ஷமீமா புதிதாக ஒரு வெள்ளைத் திரையைத் திறந்து, மவுஸை அவர் பக்கம் நகர்த்தினார்.

"உங்க வீட்ட வரைங்க சார்."

"இப்பவா?"

"இப்பதான்."

அவர் வரைந்தார். கை பழகியிருந்தது. சுவர், கூரை, தரை. நேர்க்கோடுகள். முன்னால் ஒரு கதவு, நாலு பக்கமும் சரியாகச் சேர்ந்த கதவு. பச்சையை ஊற்றினார். ஒரு பொட்டுகூட ஒழுகவில்லை. அந்த நிலையிலும் அவருக்கு அதில் ஒரு சின்ன திருப்தி.

"வீட்டுல யார் யாரு சார்?"

"நானும் வீட்டுக்காரியும்."

"காலையில சாப்பிட்டுக் கிளம்பினீங்களா?"

"ஆமா."

"இந்த வீட்டுலேர்ந்து எப்படி சார் வெளிய வந்தீங்க?"

குருசாமி திரையைப் பார்த்தார். சுவர்க்கோட்டில் ஒரு விரிசல் இல்லை. கதவு என்று அவர் போட்டது இன்னொரு மூடிய கட்டம். அந்த வீட்டுக்குள்ளிருந்து யாரும் வெளியே வர முடியாது. வெளியே போன யாரும் உள்ளே போகவும் முடியாது. சுவரில் ஒட்டியிருந்த மற்றப் பிள்ளைகளின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஓட்டு வீடு, ஓலை வீடு, மாடி வீடு. எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தபடி மூடிய வீடுகள். நடுவில் நம்புவின் பெயரோடு மஞ்சள் வீடு. அந்த வகுப்பிலேயே வாசல் வைத்து வரைந்தது ஒரே ஒரு பிள்ளை. அதைத் தான் அடைத்துவிட்டோம் என்ற வெட்கம் அவரைத் தின்றது. எழுந்து போய் அந்தப் படத்தைக் கழற்றக் கை நீட்டினார். பிறகு கையை இறக்கிக்கொண்டார். கழற்றி என்ன ஆகப்போகிறது?

"நான் என்னதான் செய்யட்டும் டீச்சர்?"

ஷமீமா எழுந்தார். கம்ப்யூட்டர் அறையின் கதவை முழுக்கத் திறந்தார். வெளியே போய்ப் பூவரச மரத்தடியிலிருந்து ஒரு கல்லைத் தூக்கி வந்து கதவுக்கு முட்டுக்கொடுத்தார். காற்று உள்ளே பாய்ந்தது. சுவரில் படங்கள் படபடத்தன. மஞ்சள் வீட்டின் ஒரு மூலை பிய்ந்து தொங்கியது.

மரத்தடியில் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு நம்பு உட்கார்ந்திருந்தாள். கல்லைத் தூக்கிக்கொண்டு போன டீச்சரையும், கல்லையும், திறந்த கதவையும் பார்த்தாள். எழுந்து வரவில்லை. ஆனால் பார்வையை எடுக்கவும் இல்லை.

குருசாமிக்குப் புரியவில்லை. அல்லது புரிந்தது, பிடிக்கவில்லை.

"வராத ஆளுக்காகவா டீச்சர் திறந்து வைக்கச் சொல்றீங்க?"

"வர வேண்டிய ஆளு அந்தா உக்காந்திருக்கு சார்."

"கூப்பிடவா?"

"வேணாம்."

"எத்தனை நாளைக்குத் திறந்து வைக்கிறது?"

"எனக்குத் தெரியாது சார்."

"வரவே இல்லன்னா?"

ஷமீமா தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. கடலிலிருந்து வந்த வாடைக்காற்று மானிட்டர்களின் மேல் ஈரத்தைப் பூசிக்கொண்டிருந்தது. குருசாமியின் கை தன்னையறியாமல் கதவை நோக்கிப் போனது. பாதியில் நின்றது.

"உப்புக் காத்து டீச்சர். எல்லா மிஷினும் துருப்பிடிச்சிப் போயிடுமே."

"பிடிக்கும் சார்," என்றார் ஷமீமா.